மயக்கம் வேண்டுமா என்று யார் கேட்டார்கள்?

மாதவிடாய் நின்று மூன்று, நான்கு வருடம் ஆன ஒரு பெண்ணுக்கு ஒருநாள் திடீரென்று உதிரம் படுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்கு உள்ளே மெல்லிய கேமரா விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். இதைத்தான் ஹிஸ்டெரோஸ்கோபி என்கிறார்கள்.

இந்தப் பெண் இங்கிலாந்தில் இருந்தால், பெரும்பாலும் ஓ.பி.க்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வரும். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபெனோ போட்டுக்கொள்ளுங்கள், மாதவிடாய் வலிபோல இருக்கலாம், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று அதில் இருக்கும். அவர் கண் விழித்திருக்கும்போதே எல்லாம் நடந்து முடியும். அதே பெண் மதுரையிலோ திருச்சியிலோ ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனால், “காலையில வெறும் வயித்துல வந்துடுங்கம்மா, லேசா மயக்கம் குடுத்துப் பண்ணிடலாம்” என்பார்கள். நோயும் கருவியும் ஒன்றுதான். அங்கே விழித்திருக்கிறார், இங்கே தூங்குகிறார். எது வேண்டும் என்று அவரிடம் கேட்டது அங்கேயும் குறைவு, இங்கேயும் குறைவு.

கேட்க வேண்டிய கேள்வி அது. இரண்டு வழிகளிலும் நன்மை உண்டு, இரண்டிலும் இழப்பு உண்டு. எந்த நன்மைக்காக எந்த இழப்பை ஏற்பது என்று நிறுத்துப் பார்க்கும் உரிமை, மேசையில் படுக்கப் போகிறவருக்கு உரியது.

முதலில், வலிப்பது எது என்று பார்ப்போம். கர்ப்பப்பை வாய்க்கு வரும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து புறப்படுகின்றன. கர்ப்பப்பையின் மேற்பகுதிக்கு வரும் நரம்புகளோ அதற்கு வெகு மேலே, விலா எலும்புகள் முடியும் மட்டத்திலிருந்து வருகின்றன. கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டால் வாய் திறக்கும்போது வரும் வலி குறையும். உள்ளே மேல்சுவரைத் தொடும்போது வரும் வலியை அந்த ஊசி முழுதாக அடக்காது. “ஊசி போட்டும் வலித்ததே” என்று பெண்கள் சொல்வதற்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது. கேமராவுக்கு உள்ளே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உப்புநீரைச் செலுத்திக் கர்ப்பப்பையை விரிக்கும்போது ஒரு பிடிப்பு வரும். சதையைச் சுரண்டி எடுக்கும் சில நொடிகளில் வருவது இன்னொரு வகையான, கூர்மையான வலி. கர்ப்பப்பை வாயை இழுக்கும்போது சிலருக்கு நாடித்துடிப்பு சட்டென்று குறைந்து, வியர்த்து, தலைசுற்றி மயக்கமே வந்துவிடும். அது பயத்தினால் மட்டும் வருவதில்லை. அந்த நரம்பைத் தூண்டினால் உடல் காட்டும் எதிர்வினை அது.

கருவிகளும் மாறியிருக்கின்றன. உயிருள்ள ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்குள் முதன்முதலில் கருவி விட்டுப் பார்த்தவர் பாண்டலேயோனி என்ற மருத்துவர், 1869ல். நோயாளிக்கு வயது 60, மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு. உள்ளே பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருந்தது. இன்றைக்கும் அதே குறையோடுதான் பெண்கள் வருகிறார்கள். 1990களில் இத்தாலியின் பாரி நகரைச் சேர்ந்த ஸ்டெஃபானோ பெட்டோச்சி, பிறப்புறுப்பை விரிக்கும் ஸ்பெகுலமும் கர்ப்பப்பை வாயைக் கவ்வும் கொக்கியும் இல்லாமலே கேமராவை நேராகச் செலுத்தும் முறையைப் பரப்பினார். உறையோடு சேர்த்து மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கேமராக்கள் வந்த பிறகு, பல பெண்களால் பேசிக்கொண்டே இந்தப் பரிசோதனையை முடித்துக்கொண்டு போக முடிந்தது. விழித்திருந்தபடி செய்வது என்ற யோசனைக்குப் பின்னால் இருப்பது கஞ்சத்தனம் மட்டும் என்று சொன்னால் அது நியாயமில்லை.

ஆனால் ‘பல பெண்கள்’ என்பது ‘எல்லாப் பெண்களும்’ ஆனபோது பிரச்சினை தொடங்கியது.

பிரிட்டனின் ஓ.பி. மையங்களில் இந்தப் பரிசோதனை செய்துகொண்ட 5,151 பெண்களிடம் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டார்கள். சராசரி 5.2 வந்தது. வலியே இல்லை என்றவர்கள் 7.8 சதவீதம். ஏழுக்கும் மேலே கொடுத்தவர்கள் 17.6 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஆறு பேரில் ஒருவர். சராசரியை வைத்துக் கடிதம் எழுதுகிறவர் ‘கொஞ்சம் வலிக்கலாம்’ என்று எழுதுகிறார். அந்த ஆறில் ஒருவராக மேசையில் படுத்திருப்பவருக்கு அந்தக் கடிதம் பொய்யாகிப் போகிறது. தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு, மற்றவர்கள் தாங்குவதைத் தன்னால் தாங்க முடியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு வெளியே போகிறார். இந்த விஷயத்தில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வலியில் துடித்த பெண்கள் ஒன்றுசேர்ந்து அங்கே ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அவர்களுடைய அனுபவங்களை லின் பிரவுன் என்ற தொழிலாளர் கட்சி எம்.பி. பல ஆண்டுகளாக நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார். ஓ.பி.யிலேயே செய்து முடிப்பதை ஊக்குவிக்கும் விதமாக மருத்துவமனைகளுக்கான கட்டண முறை அமைந்திருந்ததையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2023ல் பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி தனியாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வலி கடுமையாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், மயக்கத்தில் செய்துகொள்வது உட்பட எல்லா வழிகளையும் தொடக்கத்திலேயே முன்வைக்க வேண்டும், நடுவில் அந்தப் பெண் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த விவாதத்தில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு விஷயம்: விழிப்புக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவே நிறைய படிகள் இருக்கின்றன. மாத்திரை மட்டும் போட்டுக்கொள்வது முதல் படி. அடுத்து, கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி. அதற்கு மேல், என்டோனாக்ஸ் என்ற வாயு: பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடு. அந்தப் பெண்ணே குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டும்போது இழுத்துக்கொள்வார். நிறுத்தினால் சில நிமிடங்களில் அதன் தாக்கம் போய்விடும். ஆஸ்திரேலியாவில் ஆம்புலன்ஸ்களில் வெகுகாலமாகப் பயன்படும் மெத்தாக்ஸிஃப்ளூரேன் என்ற, விசில்போல வாயில் வைத்து இழுக்கும் மருந்தையும் பிரிட்டனில் சில மையங்கள் ஹிஸ்டெரோஸ்கோபிக்குக் கொண்டுவந்திருக்கின்றன. அடுத்தது நரம்பு வழியாகக் கொடுக்கும் அரைத்தூக்க மருந்து. கூப்பிட்டால் பதில் சொல்வார், பிறகு பெரிதாக எதுவும் நினைவிருக்காது. பிறகு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் போடும் ஊசி. கடைசியாகத்தான் முழு மயக்கம்.

நம் ஊர் மருத்துவமனைகளில் இவை எல்லாமே கிடைப்பதில்லை. ‘எதெல்லாம் இங்கே கிடைக்கும்’ என்று கேட்டால் பட்டியல் சிறியதாக இருக்கலாம். இருந்தாலும் ‘மயக்கமா, இல்லையா’ என்ற இரண்டே கதவுகள் என்று நினைத்துக்கொண்டு போவதைவிட அது மேல்.

சரி, முழு மயக்கம் என்றால் என்ன நடக்கிறது? திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். கையில் ஊசி ஏற்றி, பால்போல வெள்ளையாக இருக்கும் புரொபோஃபால் மருந்தைச் செலுத்தினால் அரை நிமிடத்தில் தூக்கம். சின்னச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் தொண்டையில் ஒரு மென்மையான குழாய் வைப்பார்கள், அல்லது முகமூடியிலேயே மூச்சைப் பார்த்துக்கொள்வார்கள். விழித்ததும் குமட்டல், தொண்டைக் கரகரப்பு, அன்று முழுக்க ஒரு மந்தம். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான பத்திரங்களில் கையெழுத்துப் போடக்கூடாது, வீட்டில் கூட ஒருவர் இருக்க வேண்டும்.

“முழிக்காமப் போயிட்டா?” என்பதுதான் பலருக்கு உள்ளூர இருக்கும் பயம். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு, பயிற்சி பெற்ற மயக்க மருத்துவர் உடனிருந்து, ஆக்சிஜன் அளவையும் நாடியையும் கருவி இடைவிடாமல் காட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அது மிக மிக அரிது. உயிருக்கு ஆபத்தான மருந்து ஒவ்வாமை சுமார் 10,000ல் ஒருவருக்கு வருகிறது என்பது பிரிட்டனில் நாடு முழுக்க எடுத்த கணக்கு. நடுவிலேயே நினைவு திரும்பிவிடுவது ஏறக்குறைய 19,000ல் ஒருவருக்கு. ஆனால் இந்த எண்கள் எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. உடல் பருமன், தூக்கத்தில் மூச்சுத் திணறல், இதய நோய், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. சர்க்கரை நோயாளிக்கு வெறும் வயிற்றில் இருப்பதே ஒரு சிக்கல். மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கோடு வருகிறவர்களில் இத்தகைய பெண்கள் ஏராளம். அவர்களுக்கு, மெல்லிய கேமராவும் பொறுமையான கையும் உள்ள மருத்துவர் கிடைத்தால், விழித்திருப்பதே பாதுகாப்பான வழியாக இருக்கலாம்.

வலி அதிகமாக வாய்ப்புள்ளவர்கள் யார் என்பதும் ஓரளவு தெரியும். சுகப்பிரசவமே ஆகாதவர்கள், சிசேரியன் மட்டும் ஆனவர்கள், மாதவிடாய் நின்று கர்ப்பப்பை வாய் சுருங்கியவர்கள், ஒவ்வொரு மாதமும் சுருண்டு படுக்கும் அளவுக்கு வலி வருகிறவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள், முன்பு பாப் ஸ்மியர் எடுத்தபோதே தாங்க முடியாமல் போனவர்கள். இவர்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். செய்யப்போவது என்ன என்பதும் முக்கியம். பார்த்துவிட்டு வருவது வேறு. சுவருக்குள் ஆழமாகப் புதைந்த ஃபைப்ராய்டு கட்டியை அறுத்தெடுப்பது வேறு. பின்னதற்குத் தியேட்டரும் மயக்கமும்தான் பொருத்தம்.

மருத்துவப் புத்தகங்களில் இடம்பெறாத ஒரு காரணமும் உண்டு: கூச்சம். கால்களை விரித்துத் தூக்கி வைத்தபடி, முன்பின் தெரியாத நான்கு பேர் நடுவே விழித்துக்கொண்டு படுத்திருப்பது பல பெண்களுக்கு வலியைவிடப் பெரிய வேதனை. திருமணமாகாத பெண்களுக்குச் சொல்லவே வேண்டாம். வன்முறைக்கு ஆளான பெண்களில் சிலருக்கு விழித்திருப்பது பழைய நினைவைக் கிளறும்; வேறு சிலருக்கோ, நினைவில்லாமல் கிடக்கும்போது தன்னை யாரோ தொடுவார்கள் என்பதுதான் நடுக்கம் தரும். இதை வெளியிலிருந்து யாரும் தீர்மானிக்க முடியாது. ‘எனக்குக் கூச்சமாக இருக்கிறது, தூங்கவைத்துவிடுங்கள்’ என்பது முழுக்க நியாயமான மருத்துவக் காரணம்.

பெண் சொல்வதை நம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் கொடுமையான ஓர் உதாரணம் இருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்புக்காகக் கருமுட்டை எடுக்கும்போது, பிறப்புறுப்பின் சுவர் வழியாக ஊசியைச் செலுத்திச் சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சுவார்கள். அரைத்தூக்க மருந்தும் ஃபென்டனில் என்ற வலி மருந்தும் இல்லாமல் அதைத் தாங்குவது மிகக் கடினம். 2020ல் யேல் பல்கலைக்கழகத்தின் கருத்தரிப்பு மையத்தில் செவிலியர் ஒருவர் ஃபென்டனிலைத் திருடி, குப்பிகளில் உப்புநீரை நிரப்பி வைத்தார். மாதக்கணக்கில் பெண்கள் வலியில் கத்தினார்கள். வலிக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மருந்து சரியாகத்தான் கொடுத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில், குப்பியைச் சந்தேகிக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. திருட்டு வெளிப்பட்டு, அந்தச் செவிலியர் 2021ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு திருடர் செய்த குற்றம் அது. ஆனால் இத்தனை பெண்களின் அலறல் ஓர் எச்சரிக்கையாக யார் காதிலும் விழாமல் போனது தனி மனிதக் குற்றம் இல்லை.

காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனங்களைப் பொருத்தும்போது கர்ப்பப்பை வாயில் லிடோகெய்ன் ஊசியோ களிம்போ வலியைக் குறைக்க உதவும் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2024ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. 2025ல் அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரியும் கிளினிக்கில் செய்யும் சிகிச்சைகளுக்கு வலி நிவாரணம் தருவது பற்றித் தனியாகவே பேசியது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே ஒரே ஊரில் இரண்டு நேர்எதிரான காட்சிகள். பிரசவ வார்டில் கிழிந்த இடத்துக்குத் தையல் போடும்போதும், பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி வைக்கும்போதும், “புள்ள பெத்தவளுக்கு இது ஒரு வலியா?” என்று அதட்டல் கேட்ட பெண்கள் எத்தனையோ பேர். தனியார் மருத்துவமனையிலோ ஐந்து நிமிடப் பரிசோதனைக்கும் தியேட்டர், மயக்கம், ஒருநாள் அறை. இதில் காப்பீட்டுக்கும் பங்கு உண்டு. ஒருநாளுக்குள் முடியும் சிகிச்சைக்குப் பணம் தருவதற்கு இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரும் விளக்கத்தில், அது முழு மயக்கத்திலோ மரத்துப்போகும் ஊசியிலோ செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றிருக்கிறது, வழக்கமாக ஓ.பி.யில் செய்வது அதில் சேராது. பிரிட்டனில் பணம் பெண்ணை விழிப்பின் பக்கம் தள்ளியது என்றால், இங்கே அது மயக்கத்தின் பக்கம் தள்ளுகிறது. பாலிசி வைத்திருப்பவர்கள் இதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் எப்படிச் செய்துகொள்வது என்ற முடிவைக் காப்பீடு எடுக்கக் கூடாது.

கருச்சிதைவுக்குப் பிறகு ‘கர்ப்பப்பையைக் கழுவ வேண்டும்’ என்று சொல்லும்போதும் இதே கேள்விதான். பழைய டி அண்ட் சி முறைக்குப் பதிலாக உறிஞ்சி எடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கு முழு மயக்கத்தை வழக்கமாக்க வேண்டாம் என்றும், வலி மருந்து எல்லோருக்கும் தரவேண்டும் என்றும் சொல்கிறது. மருத்துவ ரீதியாக அது சரி. ஆனால் ஆசையோடு காத்திருந்த குழந்தையை இழந்த ஒரு பெண், அந்த உறிஞ்சும் சத்தத்தைக் கேட்க வேண்டாம் என்று நினைத்தால், அதற்கும் செவிசாய்க்க வேண்டும்.

தமிழ்ப் பெண்களில் பலர் இந்தக் கேள்வியை முதலில் சந்திப்பது சிசேரியனில். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதில் முதுகில் ஊசி போட்டு விழிப்போடு செய்வதே வழக்கம். தாயின் மூச்சுப்பாதைக்கும் குழந்தைக்கும் அதுவே பாதுகாப்பு. “முதுகுல ஊசி போட்டதுல இருந்து காலத்துக்கும் முதுகு வலி” என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. நீடித்த முதுகு வலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை; ஊசியே போடாமல் பிள்ளை பெற்றவர்களுக்கும் அந்த வலி வருகிறது. ஊசிக்குப் பிறகு சிலருக்கு வரும், எழுந்து உட்கார்ந்தால் கூடும் தலைவலி மட்டும் உண்மை. அதற்குச் சிகிச்சை உண்டு. பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

முடிவெடுக்கும் நேரம், கவுன் மாட்டிக்கொண்டு டிராலியில் படுத்தபிறகு இல்லை. தேதி குறிக்கும் நாளிலேயே கேட்க வேண்டும்: கேமரா எவ்வளவு தடிமன், இதை விழித்திருக்கும்போது எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், நடுவில் முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள், மயக்கம் கொடுக்கத் தனியாக மருத்துவர் வருகிறாரா, அல்லது சிகிச்சை செய்பவரே மருந்தையும் கொடுத்துக்கொள்வாரா? கடைசிக் கேள்விக்கு ‘நாங்களே பார்த்துக்கொள்வோம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பதே நல்லது. விழித்திருக்க முடிவு செய்தால், எந்தச் சொல்லைச் சொன்னால் கையை எடுப்பார்கள் என்பதை முன்பே பேசிக்கொள்ளலாம். ‘நிறுத்துங்க’ என்றால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தாலே பலருக்கு உடம்பின் இறுக்கம் தளர்கிறது.

மயக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தூங்கும் நேரத்தில் தங்கள் சார்பில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது. 1995ல் டெல்லியில் 44 வயதுத் திருமணமாகாத பெண் ஒருவர் நீடித்த உதிரப்போக்குக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். லேப்ராஸ்கோபி மூலம் பார்ப்பதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த வயதான தாயிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சுயமாக முடிவெடுக்கும் தகுதியுள்ள வயதுவந்த பெண்ணுக்காகத் தாய் சம்மதம் தர முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். தாய்க்குச் சொன்னது கணவருக்கும் அண்ணனுக்கும் பொருந்தும். ஆகவே நீட்டப்படும் படிவத்தை முழுதாகப் படித்து, புரியாததைத் தமிழில் சொல்லச் சொல்லி, ‘பயாப்ஸி எடுக்கவும், பாலிப் இருந்தால் அதை நீக்கவும் மட்டும் சம்மதம்’ என்று அவரவர் கைப்பட எழுதிக் கையெழுத்திடலாம்.